கருவறையின் இரகசியத்தைக் காட்டித்தந்த சின்ன உயிர்கள்



கரு தங்கிய நாளிலிருந்து ஒரு பெண்ணின் வயிற்றினுள்ளே மிகப் பெரிய வேலையொன்று நடக்கத் தொடங்குகின்றது. ஊசி முனையளவேயான ஒரு கலம் இரண்டாகி, நான்காகி, எட்டாகி, பின்னர் கண்ணும் காதும் இதயமும் கைகால்களும் கொண்ட ஒரு பிள்ளையாகின்றது. அந்தப் பிள்ளையைப் பத்து மாதம் சுமப்பவள் பெண். ஆனால் உள்ளே நடப்பதை அவளாலும் பார்க்க முடியாது. பக்கத்தில் நிற்கும் வைத்தியராலும் முழுமையாகப் பார்க்க முடியாது. இன்று ஸ்கான் வசதி இருக்கிறதுதான். என்றாலும் உறுப்புகள் உருவெடுக்கத் தொடங்கும் முதல் நான்கு வாரங்களில் கரு ஒரு பயறளவுதான் இருக்கும். பல பெண்களுக்குத் தாம் கர்ப்பம் என்பதே அப்போது தெரிந்திருக்காது.

அப்படியானால் பிள்ளை உருவாகும் விதத்தைப் பற்றி இவ்வளவு விடயங்கள் எப்படித் தெரியவந்தன? கோழிமுட்டை, தவளை, பழ ஈ, புழு, மீன், எலி ஆகிய சாதாரண உயிர்கள்தான் அவற்றைச் சொல்லித் தந்தன.

நான் பல வருடங்கள் விஞ்ஞான ஆசிரியையாக இருந்தவள். இப்போது தாய்மார் கூட்டங்களில் பேசுவதற்குப் போவதுண்டு. அங்கே இந்த விடயத்தைச் சொன்னால் முதலில் சிரிப்புத்தான் எழும். "என்ன ரீச்சர், எங்கட பிள்ளையும் ஈயும் ஒண்டோ?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இந்தச் சிரிப்புக்குப் பின்னால் எமது பெண்களின் மனப்பாரத்தை இறக்கி வைக்கக்கூடிய ஒரு உண்மையும் இருக்கின்றது. அதற்காகவே இதனை எழுதுகின்றேன்.

மாதிரி உயிரி என்றால் என்ன?

தையல் பழகும் ஒருவர் முதல் நாளே விலைகூடிய பட்டுத் துணியில் கத்தரி வைப்பதில்லை. கடதாசியில் வெட்டிப் பார்ப்பார். கடதாசி சட்டையாகாது. ஆனால் கழுத்து எங்கே வளைகிறது, கை எங்கே பொருந்துகிறது என்பதைக் கடதாசி சொல்லிவிடும். முளையம் எப்படி வளர்கின்றது என்பதை ஆராயும் விஞ்ஞானிகளுக்கும் இப்படியொரு கடதாசி தேவைப்பட்டது. அவ்வாறு தெரிவுசெய்யப்பட்ட உயிர்களையே மாதிரி உயிரிகள் என்கின்றனர்.

கண்டதையெல்லாம் தெரிவுசெய்ய முடியாது. முளையம் தாயின் உடலுக்கு வெளியே வளர வேண்டும். அல்லது உடல் ஊடுருவிப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். விரைவாக வளர வேண்டும். நிறையக் குஞ்சுகள் ஈன வேண்டும். சிறிய இடத்தில், குறைந்த செலவில் வளர்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். எல்லா நிபந்தனைகளையும் ஒரே உயிர் நிறைவேற்றுவதில்லை. ஆகவேதான் ஒவ்வொரு கேள்விக்கும் ஒவ்வொரு உயிர் உதவியது.

அடைக்கோழி திறந்துவிட்ட யன்னல்

இவற்றில் மிகப் பழையது நமது வீட்டுக் கோழிமுட்டைதான். 2,300 ஆண்டுகளுக்கு முன்னரே கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில், அடைவைத்த முட்டைகளை வெவ்வேறு நாட்களில் உடைத்துப் பார்த்து, குஞ்சு உருவாகும் முறையை எழுதிவைத்தார். மூன்றாம் நாளில் ஓர் இரத்தத் துளிபோல இதயம் துடிப்பதை அவர் கண்டார்.

எமது பெண்களுக்கு இது புதிதல்ல. அடைவைத்து நாலைந்து நாட்கள் சென்றதும் முட்டையை ரோச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். உள்ளே சிலந்தி வலை போலச் சிவப்பு நரம்புகள் தெரிந்தால் கரு இருக்கிறது, தெரியாவிட்டால் கூழ்முட்டை. இடம்பெயர்ந்து மரநிழலில் நடந்த வகுப்பொன்றில், நுணுக்குக்காட்டி இல்லாத நேரத்தில், ஒரு முட்டையையும் ரோச்சையும் வைத்தே நான் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கின்றேன். பிள்ளைகள் மறக்காத பாடமாக அது அமைந்தது.

கோழிமுட்டை ஏன் நல்ல மாதிரி? தாயின் உடலுக்கு வெளியே, 21 நாட்களில் முழு வேலையும் முடிந்துவிடும். ஓட்டில் சிறு துவாரமிட்டுப் பார்த்துவிட்டு மீண்டும் மூடினாலும் முளையம் தொடர்ந்து வளரும். இதயம், முள்ளந்தண்டு, கைகால்கள் ஆகியன உருவாகும் ஒழுங்கில் கோழிக் குஞ்சுக்கும் மனிதக் குழந்தைக்கும் பெரும் ஒற்றுமை உண்டு.

ஒரு உதாரணம். கருவில் எமது கை முதலில் ஒரு சிறிய துடுப்புப் போலவே இருக்கும். விரல்களுக்கு இடையிலுள்ள கலங்கள் உரிய காலத்தில் இறந்துபோவதால்தான் விரல்கள் தனித்தனியாகப் பிரிகின்றன. கோழியின் காலிலும் இதுவே நடக்கின்றது. தாராவின் காலில் அந்தக் கலங்கள் இறப்பதில்லை. ஆகவே அதன் விரல்களுக்கிடையே சவ்வு எஞ்சி நிற்கின்றது. முற்றத்தில் நிற்கும் கோழியையும் தாராவையும் பார்த்தே இந்தப் பாடத்தைப் படித்துவிடலாம்.

குண்டுவீச்சின் நடுவே ஒரு படுக்கையறை ஆய்வுகூடம்

கோழிமுட்டையின் கதையில் ஒரு பெண்ணின் பெயர் நிலைத்து நிற்கின்றது. அவர் இத்தாலியைச் சேர்ந்த ரீட்டா லெவி மொன்டால்சினி. 1909ஆம் ஆண்டு தூரின் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். பெண்ணுக்கு உயர்கல்வி எதற்கு என்று நினைத்த தந்தையிடம் வாதாடி அனுமதி பெற்று, 1936இல் வைத்தியப் பட்டம் பெற்றார். இரண்டு வருடங்களில் முசோலினியின் அரசு யூதர்களுக்கு எதிரான சட்டங்களைக் கொண்டுவந்தது. பல்கலைக்கழகக் கதவு அவருக்கு மூடப்பட்டது.

அவர் தமது படுக்கையறையையே ஆய்வுகூடமாக்கினார். தையல் ஊசிகளைத் தீட்டிச் சிறு கத்திகளாக்கினார். மணிக்கூடு திருத்துபவர் பாவிக்கும் நுண்ணிய இடுக்கிகளையும் எடுத்துக்கொண்டார். அடைபெட்டியைச் சகோதரர் செய்து கொடுத்தார். ஆராய்ச்சிக்கு அவர் தெரிவுசெய்தது கோழிமுட்டையை. யுத்த காலத்தில் விலைகூடிய கருவிகளோ விலங்குக் கூண்டுகளோ கிடைக்காது. முட்டை கிடைக்கும்.

தூரின் நகரில் குண்டுகள் விழத் தொடங்கியபோது குடும்பம் கிராமப்புறத்திற்கு இடம்பெயர்ந்தது. அங்கும் ஒரு அறையின் மூலையில் மேசையைப் போட்டு வேலையைத் தொடர்ந்தார். சைக்கிளில் வீடு வீடாகச் சென்று, பிள்ளைகளுக்குச் சத்துக் கூடியது என்று சொல்லிக் கருக்கட்டிய முட்டைகளை வாங்கினார். முளையத்தை ஆராய்ந்தபின் மிஞ்சிய முட்டை வீட்டுச் சாப்பாட்டுக்குப் போனது. உணவுத் தட்டுப்பாட்டுக் காலம் அல்லவா!

அவர் பார்த்தது இதுதான்: குஞ்சின் கால் மொட்டை வெட்டி அகற்றிவிட்டால், அந்தக் காலுக்குச் செல்ல வேண்டிய நரம்புக் கலங்கள் பிறக்கத்தான் செய்கின்றன, ஆனால் போய்ச்சேர இடமில்லாமல் இறந்துவிடுகின்றன. அப்படியானால் போய்ச்சேரும் இடத்திலிருந்து நரம்பை வாழவைக்கும் ஏதோவொன்று கிடைக்கின்றது என்று அர்த்தம். 1943இல் புளோரன்ஸ் நகரில் மறைந்து வாழவேண்டி வந்தது. பின்னர் அகதிகளுக்கு வைத்தியராகப் பணியாற்றினார். யுத்தம் முடிந்து 1947இல் அமெரிக்கா சென்றார். அங்கே ஸ்டான்லி கோஹனுடன் சேர்ந்து நரம்பு வளர்ச்சிக்கான அந்தப் பொருளைக் கண்டறிந்தார். 1986இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 2012 டிசம்பரில் தமது 103ஆவது வயதில் அவர் காலமானார்.

கர்ப்பத்தைச் சொன்ன தவளை

இன்று சிறுநீரில் ஒரு துண்டை நனைத்தால் கர்ப்பமா இல்லையா என்று சில நிமிடங்களில் தெரிந்துவிடும். 1930களிலிருந்து 1960கள் வரை பல நாடுகளில் இந்தச் செய்தியைச் சொன்னது ஒரு தவளை! ஆபிரிக்க நகத் தவளை என்று அதனைச் சொல்வார்கள். தென்னாபிரிக்காவில் பணியாற்றிய லான்சலொட் ஹொக்பென் என்பவரின் ஆய்விலிருந்து இந்த முறை பிறந்தது. பெண்ணின் சிறுநீரைப் பெண் தவளைக்கு ஊசியாக ஏற்றினால், அவள் கர்ப்பமாயின் தவளை மறுநாளுக்குள் முட்டையிட்டுவிடும். அதற்கு முன்னர் இருந்த சோதனைகளில் எலியோ முயலோ கொல்லப்பட்டது. தவளையைக் கொல்லத் தேவையில்லை.

இதனால் உலகெங்கும் ஆய்வுகூடங்களில் இந்தத் தவளை நிறைந்தது. ஏனைய தவளைகள் குறித்த பருவத்தில்தான் முட்டையிடும். இதற்கு ஊசி போட்டால் வருடம் முழுவதும் முட்டை கிடைக்கும். முட்டையும் பெரியது, கண்ணுக்குத் தெரியும். முளைய ஆராய்ச்சியாளர்கள் விடுவார்களா? இங்கிலாந்தின் ஜோன் கேர்டன், வாற்பேத்தையின் குடற் கலமொன்றின் கருவை எடுத்து, கரு நீக்கிய முட்டையில் வைத்து, அதிலிருந்து முழுத் தவளை வளரலாம் என்று 1962இல் காட்டினார். உடலின் ஒவ்வொரு கலத்திலும் முழு உடலுக்கான கட்டளையும் இருக்கின்றது என்பது இதனால் விளங்கியது. 2012இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

தவளைக்கு உறவான நியூட் என்ற நீர்வாழ் பிராணியை ஆராய்ந்த ஹில்டே மன்கோல்டையும் இங்கே சொல்லாமல் போக முடியாது. ஜேர்மனியின் பிரைபேர்க் நகரில் ஹான்ஸ் ஸ்பீமனிடம் கற்ற மாணவி அவர். நியூட்டின் முளையம் மென்மையானது. வெட்டினாலும் விரைவில் பொருந்திவிடும். பிஞ்சுக் குழந்தையின் மெல்லிய தலைமயிரைக்கூட அந்த ஆய்வுகூடத்தில் கருவியாகப் பாவித்தார்கள். ஒரு முளையத்தின் குறித்த சிறு பகுதியை வெட்டி இன்னொன்றின் வயிற்றுப் பக்கத்தில் ஒட்டினார் ஹில்டே. அங்கே இரண்டாவது உடலொன்று வளரத் தொடங்கியது. அந்தச் சிறு பகுதி பக்கத்திலுள்ள கலங்களுக்கு முதுகாகு, மூளையாகு என்று கட்டளை கொடுத்திருக்கின்றது. 1924இல் இது பிரசுரமானது. அதே வருடத்தில் வீட்டில் எரிபொருள் அடுப்பு வெடித்து, கைக்குழந்தையை விட்டுவிட்டு, 25 வயதில் ஹில்டே இறந்துபோனார். 1935இல் நோபல் பரிசு ஸ்பீமனுக்கு மட்டுமே கிடைத்தது. இறந்தவர்களுக்கு அந்தப் பரிசு வழங்கப்படுவதில்லை.

பழத்தைச் சுற்றும் கொசு

கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றிச் சின்னஞ்சிறு ஈக்கள் பறக்குமே, கொசு என்று கையால் விரட்டுவோமே, அந்தப் பழ ஈதான் அடுத்தது. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தோமஸ் ஹன்ட் மோர்கன் பால் போத்தல்களில் வாழைப்பழம் போட்டு இதனை வளர்த்தார். முட்டையிலிருந்து முழு ஈயாவதற்குச் சுமார் பத்து நாட்கள் போதும். ஒரு பெண் ஈ நூற்றுக்கணக்கில் முட்டையிடும். மனிதரில் நான்கு தலைமுறையைப் பார்க்க நூறு வருடம் வேண்டும். ஈயில் ஒன்றரை மாதம் போதும். செலவோ வாழைப்பழம்தான்.

ஜேர்மனியின் கிறிஸ்டியானே நூஸ்லைன் வொல்ஹார்ட் என்ற பெண் விஞ்ஞானியும் அமெரிக்கரான எரிக் வீஷவுஸ் என்பவரும் ஹைடல்பேர்க் நகரில் ஆயிரக்கணக்கான ஈக் குடும்பங்களின் குடம்பிகளை நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். இருவரும் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய இரட்டை நுணுக்குக்காட்டி அது. எந்தப் பரம்பரையலகு பழுதானால் உடலின் எந்தப் பகுதி பிழைக்கின்றது என்று தேடினார்கள். உடலைத் துண்டு துண்டாக வகுக்கும் 15 பரம்பரையலகுகளைப் பற்றி 1980இல் எழுதினார்கள். அவற்றில் ஒன்று பழுதானால் குடம்பியின் மேல் முள்ளெலி போல முட்கள் அடர்ந்துவிடும். ஆகவே அதற்கு முள்ளெலி என்றே பெயரிட்டார்கள்.

பின்னர்தான் ஆச்சரியம் காத்திருந்தது. 1990களில் அதே முள்ளெலிப் பரம்பரையலகின் உறவுகள் கோழியிலும் மீனிலும் எலியிலும் மனிதரிலும் கண்டுபிடிக்கப்பட்டன. மனிதக் கருவில் அதிலொன்று பழுதானால் மூளை இரு பாதியாகப் பிரிவது தடைப்படலாம் என்று 1996இல் தெரிந்தது. மனித நோய்களுடன் தொடர்புடைய பரம்பரையலகுகளில் ஏறத்தாழ முக்கால்வாசிக்கு ஈயில் ஒத்த உறவு உண்டு. ஆகவே "எங்கட பிள்ளையும் ஈயும் ஒண்டோ?" என்ற கேள்விக்குப் பதில் இதுதான்: பிள்ளையும் ஈயும் ஒன்றல்ல. ஆனால் இரண்டையும் கட்டும் கட்டளைப் புத்தகத்தில் பல பக்கங்கள் ஒன்றுதான்.

1995இல் இந்த இருவருக்கும், எட்வேர்ட் லூயிஸ் என்பவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 2004இல் நூஸ்லைன் வொல்ஹார்ட் ஒரு நிதியத்தை அமைத்தார். பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே விஞ்ஞான ஆராய்ச்சி செய்யும் இளம் பெண்களுக்கு, வீட்டு வேலைக்கும் பிள்ளைப் பராமரிப்புக்கும் உதவியாளரை வைத்துக்கொள்ள அது பணம் கொடுக்கின்றது. வீட்டு வேலைப்பளு பெண்ணின் திறமையை எப்படி முடக்குகின்றது என்பதை உணர்ந்தவர் செய்த காரியம் அது.

புழு, மீன், எலி

ஒரு மில்லிமீற்றர் நீளமான, மண்ணில் வாழும் ஒரு புழு இனமும் உண்டு. நாம் தோட்டத்தில் காணும் மண்புழுவல்ல. கண்ணாடி போன்ற வட்டப்புழு. 1960களில் சிட்னி பிரெனர் இதனைத் தெரிவுசெய்தார். வளர்ந்த புழுவின் உடலில் இனப்பெருக்கக் கலங்கள் தவிர்ந்த 959 கலங்கள்தான் உள்ளன. ஒவ்வொரு கலமும் எங்கே பிறந்து எங்கே சென்றது என்பதை ஜோன் சல்ஸ்டன் பொறுமையுடன் பார்த்துப் பதிவுசெய்தார். வளரும்போது 131 கலங்கள் எப்போதும் ஒரே விதமாக இறக்கின்றன என்றும் தெரிந்தது. கோழியின் விரல்களைப் பிரிக்கின்றதே, அதே வகையான ஒழுங்கான இறப்புத்தான். 2002இல் இதற்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தியா, நேபாளம், பங்களாதேஷ் நாடுகளின் ஆறுகளிலும் வயல் வாய்க்கால்களிலும் நீந்தும் சிறு வரிமீன் இன்னொன்று. வீடுகளில் கண்ணாடித் தொட்டியிலும் வளர்ப்பார்கள். அமெரிக்காவில் ஜோர்ஜ் ஸ்ட்ரைசிங்கர் இதனை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்து 1981இல் முக்கிய ஆய்வொன்றை வெளியிட்டார். இதன் முட்டையும் முளையமும் கண்ணாடி போன்றவை. ஒரு நாளிலேயே இதயம் துடிக்கத் தொடங்குவதை முளையத்தை வெட்டாமலே பார்க்கலாம்.

ஆனால் மீனும் ஈயும் வயிற்றில் பிள்ளை சுமப்பதில்லை. நச்சுக்கொடி, தாய்க்கும் கருவுக்கும் இடையிலான தொடர்பு ஆகியவற்றை அறிய முலையூட்டி தேவை. அதற்கே எலி. அதன் கர்ப்பகாலம் சுமார் மூன்று வாரங்கள்தான். முலையூட்டிகளில், குறித்த ஒரு பரம்பரையலகை மட்டும் செயலிழக்கச் செய்து பார்க்கும் முறையும் எலியில்தான் முதலில் நிறைவேறியது.

இந்த உயிர்கள் பாவமல்லவா என்று சில சகோதரிகள் கேட்பார்கள். விஞ்ஞானிகளிடையேயும் இந்தக் கேள்வி உண்டு. முடிந்தவரை உயிர்களைத் தவிர்த்தல், எண்ணிக்கையைக் குறைத்தல், வேதனையைக் குறைத்தல் என்ற மூன்று விதிகளை 1959இல் இரு பிரித்தானியர்கள் முன்வைத்தனர். இன்று பல நாடுகளின் சட்டங்கள் அவற்றைத் தழுவியே அமைந்துள்ளன.

மாதிரி வேறு, மனிதர் வேறு

மாதிரி உயிரிகளை நம்புவதற்கும் ஓர் எல்லை உண்டு. இதற்கு உலகம் கொடுத்த விலை பெரியது. 1957இல் மேற்கு ஜேர்மனியில் தலிடோமைட் என்ற மருந்து விற்பனைக்கு வந்தது. நித்திரைக்கும், கர்ப்பிணிகளின் சத்தி, மயக்கத்திற்கும் நல்லது என்றார்கள். கர்ப்பிணி விலங்குகளில் அதனைப் போதியளவு சோதித்திருக்கவில்லை. 1961இல் அது மீளப்பெறப்பட்டபோது பல நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் கை, கால் குறுகியும் வேறு குறைபாடுகளுடனும் பிறந்திருந்தனர். கருவுற்று ஏறத்தாழ 20ஆம் நாளிலிருந்து 36ஆம் நாளுக்குள் எடுத்த ஒரேயொரு குளிசையும் போதுமாயிருந்தது.

அமெரிக்காவில் பெருமளவு பாதிப்பு ஏற்படாமல் தடுத்தவர் ஒரு பெண். மருந்துகளுக்கு அனுமதி வழங்கும் அலுவலகத்தில் பணியாற்றிய பிரான்சிஸ் கெல்சி, காட்டப்பட்ட ஆதாரம் போதாது என்று சொல்லி, கம்பனி எவ்வளவோ நெருக்கியும் அனுமதி கொடுக்கவில்லை.

பின்னர் சோதித்தபோது சாதாரண எலிகளில் இந்த மருந்து அப்படியான குறைபாடுகளை ஏற்படுத்தவில்லை. முயலில் ஏற்படுத்தியது. ஏன் என்ற கேள்வி அரை நூற்றாண்டு நின்றது. 2010இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள், மருந்து போய் ஒட்டிக்கொள்ளும் புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு உதவியவை வரிமீனின் செட்டையும் கோழிக் குஞ்சின் சிறகும்தான். எலியிலுள்ள அதே புரதத்தில் இருக்கும் ஒரு சிறிய வித்தியாசம் எலியைக் காப்பாற்றிவிடுகின்றது. இப்போது தலிடோமைட் தொழுநோயின் சில சிக்கல்களுக்கும் ஒருவகைப் புற்றுநோய்க்கும் கடும் கட்டுப்பாட்டுடன் கொடுக்கப்படுகின்றது. ஒரு உயிரியின் சொல்லை மட்டும் கேட்டு முடிவெடுக்கக் கூடாது என்பதே இந்தக் கதையின் பாடம்.

ஒரு குளிசையின் பின்னணி

கிளினிக்கில் தரும் போலிக் அசிட் குளிசைக்கும் இப்படியொரு கதை உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் வைத்தியர் 1928இல் பம்பாய்க்கு வந்தார். அங்குள்ள ஏழைக் கர்ப்பிணிகளைப் பீடித்த கடும் இரத்தச்சோகையை ஆராய்ந்தார். அவர்கள் சாப்பிட்டது போன்ற உணவை எலிகளுக்கும் குரங்குகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். பலதையும் முயன்ற பின், நாம் பாணில் பூசிச் சாப்பிடும் மாமைற்றிலும் அதுபோன்ற மதுவப் பொருட்களிலும் குணம் இருப்பதைக் கண்டு 1931இல் வெளியிட்டார். அந்தச் சத்து 1941இல் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பெயர் பெற்றது. அதுவே போலிக் அசிட்.

கருவில் முள்ளந்தண்டும் மூளையும் எப்படி உருவாகின்றன என்பதைக் கோழிமுட்டையில் இரண்டாம் நாளில் பார்க்கலாம். தட்டையான தகடொன்று இருபக்கமும் உயர்ந்து, பாயைச் சுருட்டுவது போலச் சுருண்டு, விளிம்புகள் பொருந்திக் குழாயாகின்றது. மனிதரில் இந்தக் குழாய் கருவுற்று 28ஆம் நாளளவில் மூடிவிடும். அப்போது மாதவிடாய் தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும்! சரியாக மூடாவிட்டால் முள்ளந்தண்டுப் பிளவு போன்ற குறைபாடு ஏற்படும். முன்னர் இப்படிப் பிள்ளை பெற்ற தாய்மாரிடம் ஏழு நாடுகளில் நடத்திய ஆய்வின் முடிவு 1991இல் வெளியானது. கருவுறுவதற்கு முன்னரே போலிக் அசிட் எடுத்தால், அக்குறைபாடு மீண்டும் வருவதில் பத்துக்கு ஏழு பங்கைத் தடுக்கலாம் என்று தெரிந்தது.

குறை சொல்வோருக்கு ஒரு கணக்கு

ஒரு கூட்டம் முடிந்தபின் இளந்தாய் ஒருவர் என்னிடம் தனியே வந்தார். மகனுக்கு உதடு பிளந்து பிறந்து சத்திரசிகிச்சை முடிந்திருந்தது. "கிரகணத்தண்டு நான் மரக்கறி வெட்டினதாலதானாம் ரீச்சர். மாமி இண்டைக்கும் சொல்லிக் காட்டுறா" என்றார்.

"அப்ப உங்களுக்கு எத்தனையாம் மாதம் பிள்ளை?" என்று கேட்டேன்.

"ஆறு."

"மேலுதடு இரண்டு பக்கத்தாலும் வளர்ந்து வந்து பொருந்திறது ஏழாம் கிழமைக்குள்ள. அது பொருந்தாமல் விட்டது கிரகணத்துக்கு எத்தனையோ மாதம் முந்தி. பிறகு நீங்கள் கத்தி பிடிச்சா என்ன, பிடிக்காட்டி என்ன?"

அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு, "இதை மாமிக்கும் ஒருக்கா வந்து சொல்லுவீங்களோ?" என்று கேட்டார். போய்ச் சொன்னேன்.

யுத்த காலத்தில் வயிற்றுப் பிள்ளையுடன் ஓடிய தாய்மார் பலர், பிள்ளைக்கு ஒரு குறை வந்தால், "நான் பங்கருக்குள்ள இருந்ததாலதான், நான் சாப்பிடாததாலதான்" என்று தம்மையே குற்றம் சாட்டுகின்றார்கள். தாய்க்குப் போசாக்கு இல்லாதபோது பிள்ளையின் நிறை குறையலாம் என்பது உண்மை. ஆனால் உணவு கிடைக்காதது தாயின் குற்றமல்ல. யுத்தம் நடக்காத, வசதி நிறைந்த அமெரிக்காவிலேயே 33 குழந்தைகளுக்கு ஒன்று ஏதோவொரு பிறவிக் குறைபாட்டுடன் பிறக்கின்றது. அவற்றில் பலவற்றுக்கு ஒரு தனிக் காரணத்தைச் சுட்டிக்காட்ட முடிவதில்லை. ஈயும் மீனும் எலியும் சொல்வதும் அதுதான். ஒரே போத்தலில், ஒரே உணவுடன், ஒரே சூட்டில் வளர்ந்தாலும் ஒரு பரம்பரையலகின் சிறு மாற்றத்தால் ஒன்று மட்டும் வேறுவிதமாகப் பிறக்கின்றது. அந்த மாற்றம் தாயிடமிருந்தும் வரலாம், தந்தையிடமிருந்தும் வரலாம், புதிதாகவும் தோன்றலாம்.

ஆகவே சகோதரிகளே, எம்மால் செய்யக்கூடியதைச் செய்வோம். பிள்ளை பெற எண்ணும்போதே குடும்பநல மாதுவிடம் போலிக் அசிட் பற்றிக் கேளுங்கள். மாதவிடாய் தள்ளிப்போனால் நாட்களைக் கடத்தாமல் கிளினிக்கில் பதியுங்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கியோ, பக்கத்து வீட்டார் தந்ததையோ கர்ப்ப காலத்தில் விழுங்க வேண்டாம். வலிப்பு, நீரிழிவு போன்றவற்றுக்குத் தொடர்ந்து மருந்து எடுப்பவர்கள் தாமாக நிறுத்திவிடாமல் வைத்தியரிடம் முன்கூட்டியே கதையுங்கள். குறையுடன் பிறந்த பிள்ளைக்குத் தேவையான சிகிச்சையை வேளைக்கே தேடுங்கள். உதட்டுப் பிளவைச் சத்திரசிகிச்சையால் சீராக்கலாம்.

இத்தனையும் செய்த பின்பும் ஒரு பிள்ளை வேறுவிதமாகப் பிறக்கலாம். அந்தத் தாயிடம் "நீ என்ன செய்தாய்?" என்று கேட்பதை நிறுத்துவோம். "உனக்கு என்ன உதவி வேண்டும்?" என்று கேட்போம்.